முகாமுக்கு அனுப்பும் முன் எட்டு வாரம்: காசிமேட்டு வகுப்பறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 ஜூலை இரண்டாம் வாரம். காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே இருக்கிற ஒரு தொடக்கப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை பேசினார். "மேடம், அடுத்த மருத்துவ முகாம் எப்போது? இரண்டு பெயர் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேருக்கும் எழுத்தே வரவில்லை. பையன் சொல்வதைக் கேட்பதே இல்லை."

நான் வடசென்னையில் சிறப்புப் பயிற்றுநராக, அதாவது குறைபாடுள்ள, கற்பதில் சிரமப்படும் குழந்தைகளுக்குப் பள்ளியில் உதவுபவராக, வேலை பார்க்கிறேன். அப்படிப்பட்ட குழந்தைகளை மருத்துவரும் உளவியலரும் பார்த்து மதிப்பிடும் இடம்தான் ஆசிரியை கேட்ட முகாம். என் பொறுப்பில் இருக்கும் பள்ளிகளிலிருந்து இப்படிப் போன் வருவது வழக்கம். முன்பெல்லாம் உடனே பெயரை எழுதிக்கொள்வேன். இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: "இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் டீச்சர்?" அன்றும் கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள் மேடம்" என்றார்.

அதை நான் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு, பதிவேடுகளையும் எழுதி, கைப்பேசிச் செயலியிலும் பதிவேற்றிவிட்டு, இரண்டு பேரிடம் தனியாக உட்கார முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் முகாமுக்கு அனுப்புவது அந்த நெருக்கடிக்குத் தீர்வாகாது. முகாமில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் மருத்துவரோ உளவியலரோ பார்க்கப்போவது, நாம் கையில் கொடுத்தனுப்பும் தாளைத்தான். அதில் "படிப்பு வரவில்லை" என்று மட்டும் இருந்தால் அவர்கள் எதைக் கண்டுபிடிப்பார்கள்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் கொருக்குப்பேட்டையில் ஒரு பையனைப் பற்றி "அறிவுசார் குறைபாடு இருக்கலாம்" என்று எழுதி அனுப்பினேன். அவன் வீட்டில் தெலுங்கு மட்டும்தான் பேசினார்கள். பள்ளிக்கு வந்தே எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் தமிழில் கேட்ட கேள்விகளுக்கு அவன் விழித்ததைக் குறைபாடு என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தாள் அவன் கோப்பில் இரண்டு ஆண்டுகள் கிடந்தது. அதைப் படித்த ஒவ்வோர் ஆசிரியரும் அவனிடம் எதிர்பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

இந்த ஆய்வில் பிள்ளைகளின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. வகுப்பில் நான் கூப்பிட்டபடியே பையனைத் தம்பி என்றும், பெண்ணைப் பாப்பா என்றும் எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் வயது எட்டு.

வகுப்பின் பின்பக்கம்

ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. வகுப்பின் கடைசியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அந்த நொடியில் குழந்தை என்ன செய்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதுவது என் பழக்கம். என்ன நினைக்கிறேன் என்பதை அதில் எழுதுவதில்லை, கண்ணில் பட்டதை மட்டும்.

முதல் அரை மணி நேரம் தம்பியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவன் வரவே இல்லை. 9.50க்கு வாசலில் நின்றான். ஆசிரியை தலையாட்டியதும் ஓடிப்போய்க் கடைசி வரிசையில், சன்னல் ஓரம் உட்கார்ந்தான். சன்னலுக்கு வெளியே சாலை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அங்கே வரிசை கட்டி நிற்கும், ஏர் பிரேக் விடும், ஹாரன் அடிக்கும். தலைக்கு மேல் ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னபோது தம்பி நன்றாக எழுதினான். கையெழுத்து அழகு. பக்கத்தில் இருந்தவனைவிட முன்னாலேயே முடித்துவிட்டான். அடுத்து, சொல்வதை எழுதுதல். இங்கேதான் நான் பேனாவை எடுத்தபடியே இருந்தேன். ஆசிரியை வகுப்பைப் பார்த்துச் சொல்லும்போது தம்பியின் கண் அவர் வாயிலேயே இருந்தது. கழுத்தை நீட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தான். அவர் நடந்துகொண்டே, முதுகைக் காட்டியபடி அடுத்த சொல்லைச் சொன்னபோது பென்சில் நின்றுவிட்டது. உடனே பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தான். ஆசிரியை அதைக் கவனித்து அவன் பெயரைச் சொல்லி அதட்டினார். அந்த அதட்டலும் இரண்டாம் முறைதான் அவனை எட்டியது.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். "பந்து" என்பதற்குப் "பது". "நண்டு" என்பதற்கு "நடு". "கடல்" வெறும் "கட". "மீன்" வெறும் "மீ". புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிடுவது எழுதப் பழகும் எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான், அதை வைத்து எதையும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் பார்த்து எழுதும்போது அதே புள்ளிகளை ஒன்று விடாமல் வைத்திருந்தான். கண் வழியாக வந்தால் முழுச் சொல்லும் வருகிறது, காது வழியாக வந்தால் பாதி உதிர்ந்துவிடுகிறது.

இடைவேளையில் அவன் பின்னால் போய் நின்று மெல்லக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வலப்பக்கம் வந்து கூப்பிட்டேன், திரும்பினான். இடது காதின் அருகே குனிந்தபோது சீழ் நாற்றம் அடித்தது.

பாப்பா வேறு மாதிரி. முதல் மணிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சொன்னது எல்லாம் காதில் விழுந்தது. படம் ஒன்றைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னேன். சந்தையில் தொலைந்துபோன ஆட்டுக்குட்டியைப் பற்றி நிறுத்தாமல் சொன்னாள். அந்த ஆட்டுக்குட்டிக்கு ஒரு பாட்டியும் இருந்தாள். "தேன்" என்று எழுதச் சொன்னதும் அத்தனை பேச்சும் அடங்கிவிட்டது. த எழுதினாள், ன் எழுதினாள், பிறகு கொம்பை எங்கே போடுவது என்று தெரியாமல் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தமிழில் இது ஒரு சிக்கலான இடம். ஏகாரத்தை நாம் மெய்க்குப் பின்னால் ஒலிக்கிறோம், அதன் கொம்பை எழுத்துக்கு முன்னால் போடுகிறோம். பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் இதைத் தாண்டிவிடுகிறார்கள். பாப்பாவுக்கு அது மூன்றாம் ஆண்டாகியும் பிடிபடவில்லை.

பதிவேடும் ஆயாவும்

வருகைப் பதிவேட்டில் தம்பிக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதத்திலும் விடுப்பு மூன்று நாள்தான். தாமதமாக வந்தால் அதைப் பதிவேடு காட்டாது. ஆசிரியையிடம் கேட்டபோதுதான், வாரத்தில் நான்கு நாளாவது பத்து மணியை ஒட்டித்தான் வருகிறான் என்று தெரிந்தது. தினமும் முதல் பாடவேளை தமிழ் வாசிப்பு. அதை அவன் ஏறக்குறைய முழுவதுமாகத் தவறவிட்டிருக்கிறான். காலை உணவும் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே மதியச் சோறு வரை வெறும் வயிறு.

காரணம் வீட்டில் இருந்தது, ஆனால் அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்பா விசைப்படகில் போகிறவர். போனால் கரை திரும்பப் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். அம்மா அதிகாலை இரண்டு மணிக்கே துறைமுகத்து ஏலத்துக்குப் போய், மீன் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாக விற்றுவிட்டு மதியம்தான் வீடு திரும்புவார். அவன் ஆயா என்று கூப்பிடும் பாட்டிக்குத் துறைமுகத்தில் மீன் சுத்தம் செய்து கொடுக்கிற வேலை. அவர் ஒன்பதரைக்கு வரும் வரை நான்கு வயதுத் தங்கையைத் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். எட்டு வயதுப் பையன் காலையில் ஒரு வீட்டை நடத்திவிட்டு வருகிறான்.

ஆயாவிடம் காதைப் பற்றிக் கேட்டேன். "அது சின்ன வயதிலிருந்தே வடியும் டீச்சர். பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவேன். நின்றுவிடும். மறுபடி கடலில் குளித்துவிட்டு வருவான், மறுபடி வரும்" என்றார். அக்கறையோடு செய்ததுதான், ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருக்கும் காதில் எண்ணெய் ஊற்றுவது கெடுதல். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: வடிகிற காதில் எண்ணெயும் கூடாது, தண்ணீரும் கூடாது.

காத்திருக்கக் கூடாத ஒன்று

ஆசிரியர்களிடம் நான் தெளிவாகச் சொல்லும் விஷயம் இது. முதலில் வகுப்பில் உதவி செய்து பார்ப்போம் என்பது எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றுக்குத்தான். காது, கண், வலிப்பு, இருந்த திறமை திடீரென்று குறைவது ஆகியவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தாயோ தகப்பனோ மதிப்பீடு வேண்டும் என்று கேட்டாலும் அப்படியே.

அந்த வாரமே ஆயாவையும் தம்பியையும் ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். இடது செவிப்பறையில் துளை. வலது காதில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. கேட்டல் பரிசோதனையில் வலது காதுக்கு 30 டெசிபல், இடது காதுக்கு 45 டெசிபல் என்று வந்தது (எண் கூடக் கூடக் கேட்பது குறைவு). இந்த எண்ணை வகுப்பறைக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்று பேசினால் அவனுக்குக் கேட்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எட்டு அடி தள்ளி, மின்விசிறிக்கும் லாரிக்கும் நடுவே பேசினால் சொல்லின் உரத்த பகுதி மட்டும் போய்ச் சேரும், மெலிந்து முடியும் கடைசி எழுத்து சேராது. சொட்டு மருந்து கொடுத்தார்கள். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைக்கச் சொன்னார்கள். கடலில் இறங்கக் கூடாது என்றார்கள். அந்த ஒன்றுக்குத்தான் தம்பி அழுதான்.

பாப்பாவுக்கும் கண், காது இரண்டையும் பார்த்தோம். குறை ஒன்றும் இல்லை.

எட்டு வாரத் திட்டம்

தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, நான், பிறகு இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவர் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். ஜூலை 22 முதல் செப்டம்பர் 13 வரை என்று தேதி போட்டுக்கொண்டோம். முடிவு நாளைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்ததுதான் இந்தத் திட்டத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தம்பிக்கு முன்வரிசையில், வலது காது ஆசிரியையின் பக்கம் இருக்கும்படி இடம். சொல்வதை எழுதும்போது ஆசிரியை நடக்காமல் ஒரே இடத்தில் நின்று, முகம் தெரியச் சொல்வது. அங்கன்வாடிப் பணியாளர் அதே தெருவில் இருந்தார். காலையில் தான் கிளம்பும்போது தங்கையையும் கூட்டிப்போவதாக அவராகவே முன்வந்தார். அதற்காக நாங்கள் யாரும் ஒரு மனுகூட எழுத வேண்டியிருக்கவில்லை. தம்பியின் காலை உணவும் முதல் பாடவேளையும் இந்த ஒரே ஏற்பாட்டில் திரும்பக் கிடைத்தன.

வாசிப்புக்குத் தினமும் இருபது நிமிடம், மதிய உணவு முடிந்ததும். தம்பி, பாப்பா, இன்னும் இரண்டு பேர் என்று நால்வர் குழு. வாரத்தில் இரண்டு நாள் நான், மூன்று நாள் ஆசிரியை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே அளவிலான நாற்பது சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சரியாக வாசிக்கிறார்கள் என்று எண்ணுவது. சொற்களை வாரந்தோறும் மாற்றுவோம், கடினத்தை மாற்ற மாட்டோம். தொடக்கத்தில் தம்பி 6, பாப்பா 5.

இதெல்லாம் பள்ளிக்குப் புதிதல்ல. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் முறையில் வளர்ந்த முதல் அணி. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் அடிப்படை எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும் என்பது அதன் இலக்கு. தம்பியும் பாப்பாவும் இன்னும் அரும்பிலேயே இருந்தார்கள். நிலை பிரிப்பதற்குத் திட்டம் வழி சொல்கிறது. ஒரு குழந்தை ஏன் அதே நிலையில் நிற்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும்.

முதல் இரண்டு வாரம் தவறிப்போனது

நான் தேர்ந்தெடுத்த முறை சரியில்லை. உயிர்மெய் வரிசை அட்டைகளோடு தொடங்கினேன். க, கா, கி, கீ. நால்வரும் கணீரென்று சொன்னார்கள். எனக்கும் மகிழ்ச்சி. முதல் வெள்ளி தம்பி 6, பாப்பா 6. இரண்டாம் வெள்ளி 7, 6. கணீரென்று சொல்கிற பிள்ளை ஏன் வாசிக்கவில்லை என்று, வரிசையைக் கலைத்து "கூ" அட்டையை மட்டும் எடுத்துக் காட்டினேன். தம்பி உதட்டுக்குள் க, கா, கி, கீ, கு என்று ஓட்டி, "கூ"வில் வந்து நின்றான். பாட்டுப் போல மனப்பாடமாகியிருக்கிறது, எழுத்தைப் பார்க்கவே இல்லை. இந்த வரிசைப் பாட்டு நம் வகுப்பறைகளில் எத்தனையோ பிள்ளைகளை மூடி மறைத்து வைத்திருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர் முன்னால் சொல்லச் சொன்னால் வகுப்பே சொல்லும்.

மூன்றாம் வாரம் முறையை மாற்றினேன். அது ஆடி மாதம். தெருவில் கூழ் ஊற்றினார்கள், ஒலிபெருக்கி பகல் முழுவதும் பாடியது. தம்பி இரண்டு நாள் வரவில்லை. அந்த வெள்ளி 5 என்று இறங்கியபோது எனக்கே கலக்கமாக இருந்தது.

மாற்றியது இதுதான். அட்டை வரிசையை ஓரங்கட்டிவிட்டு, அவனுக்குத் தெரிந்த சொற்களிலிருந்து எழுத்துக்கு வந்தேன். எந்தெந்த மீன் தெரியும் என்று கேட்டேன். மூச்சு விடாமல் சொன்னான்: வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, சுறா, இறால், காரப்பொடி, நண்டு. எனக்குத் தெரியாத நான்கு பெயரும் சொன்னான். ஒரு நாளைக்கு இரண்டு மீன். "இறால்" என்று எழுதி, ஒவ்வோர் எழுத்தாகத் துண்டு வெட்டி, கலைத்துப் போட்டு, அவனே அடுக்க வேண்டும். கடைசி எழுத்தை மட்டும் எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, "இப்போது இது என்ன?" என்று கேட்பேன். "இறா" என்று வாசித்துவிட்டு, சிரித்து, "ல் எங்கே மிஸ்?" என்று என் உள்ளங்கையைப் பிரிப்பான். புள்ளி எழுத்து விட்டுப்போகிறது என்று அவன் காதுக்குச் சொல்ல முடியாமல் இருந்ததைக் கைக்குச் சொல்லிக் கொடுத்தோம். அந்த வாரத்திலிருந்து வலது காதின் நீரும் வற்றத் தொடங்கியிருந்தது.

நான்காம் வெள்ளி 9. பிறகு 13, 15, 19. எட்டாம் வெள்ளி 22.

இதில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு இடமாற்றத்தால், எவ்வளவு காலைச் சாப்பாட்டால், எவ்வளவு இறாலால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தோம். ஆராய்ச்சியாளர் ஒவ்வொன்றாகச் செய்திருப்பார். எட்டு வயதுப் பையனின் ஓர் ஆண்டை வைத்து அப்படிச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

பாப்பாவின் கோடு

அதே குழு, அதே இருபது நிமிடம், அதே ஆசிரியை. வருகை அவளுக்குத்தான் அதிகம். 6, 6, 5, 7. நான்காம் வாரம் முடிந்ததும் அவளுக்கு மட்டும் தனியாகப் பத்து நிமிடம் சேர்த்தோம். புளியங்கொட்டையை அடுக்கி எழுத்து, மணலில் விரலால் எழுத்து, ஒரு நாளைக்கு ஒரே எழுத்து. அடுத்த நான்கு வெள்ளிகள்: 6, 7, 6, 7. பாப்பா ஒருநாள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நேற்று இது தெரிந்தது மிஸ். இன்று போய்விட்டது." கற்றல் குறைபாட்டைப் பற்றி நான் படித்த எந்த விளக்கமும் இதைவிடத் துல்லியமாக இருந்ததில்லை.

செப்டம்பர் 13 அன்று மறுபடி உட்கார்ந்தோம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஜூலையில் ஒரே போனில் வந்த இரண்டு பெயர்கள். ஒரு கோடு ஏறியிருந்தது, மற்றொன்று படுத்திருந்தது. தம்பியின் பெயரை முகாம் பட்டியலிலிருந்து எடுத்தோம், உதவி மட்டும் தொடரும் என்று எழுதினோம். பாப்பாவை மதிப்பீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தோம்.

பாப்பாவின் அம்மா எழுந்துவிட்டார். "என் பெண்ணைப் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களா டீச்சர்? நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று கேட்டார். வகுப்பாசிரியை அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, எட்டு வாரத் தாளை விரல் வைத்துக் காட்டினார். "பாருங்கள் அம்மா, இவள் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. முயற்சி செய்யாமல் இருந்ததில்லை. நாங்களும் விடவில்லை. இதற்கு மேல் எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களைக் கேட்கப்போகிறோம், அவ்வளவுதான்." ஜூலையில் "எழுத்தே வரவில்லை" என்று போனில் சொன்ன அதே ஆசிரியை. அம்மா கையெழுத்திட்டார்.

தேதியை ஏன் முன்னாலேயே எழுத வேண்டும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அங்கீகரிக்கும் 21 வகைக் குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும், அதாவது அறிவுத்திறன் இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவை மட்டும் பிடிபடாமல் போவதும், ஒன்று. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, இந்தக் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிய வேண்டும் என்கிறது. அதே வாக்கியத்திலேயே, அதைக் கடக்கத் தகுந்த கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. கண்டறிவதும் கற்பிப்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. நம் நடைமுறையில்தான் முதலாவதை முகாமுக்கும் இரண்டாவதை யாருக்கும் இல்லாமலும் பிரித்துவிட்டோம்.

மறுபக்க ஆபத்தும் உண்டு. "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், அடுத்த பருவம் பார்க்கலாம்" என்றே ஐந்தாம் வகுப்பு முடிந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இது உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்காவில் 2004இல் திருத்திய சிறப்புக் கல்விச் சட்டம், நல்ல கற்பித்தலுக்குக் குழந்தை எப்படி முன்னேறுகிறது என்பதைப் பார்த்துக் கற்றல் குறைபாட்டை மதிப்பிட வழி செய்தது. கொஞ்ச காலத்தில், முயற்சி செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லி மதிப்பீட்டையே பள்ளிகள் தள்ளிப்போடுவதாகப் புகார்கள் வந்தன. அப்படித் தள்ளிப்போடக் கூடாது என்று 2011 ஜனவரியில் அந்நாட்டுக் கல்வித் துறை தனிச் சுற்றறிக்கையே அனுப்ப வேண்டியிருந்தது. அதனால்தான் செப்டம்பர் 13 என்று ஜூலையிலேயே எழுதினோம். தேதி இல்லாத உதவி, குழந்தையைக் காத்திருக்க வைப்பதற்கு ஒரு கௌரவமான பெயராக மாறிவிடும்.

அனுப்பிவிட்ட பிறகும் வகுப்பில் நடந்த உதவியை நிறுத்தவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, குறிவைத்து உதவி செய்த பிறகும் ஆறு மாதமாவது சிரமம் நீடித்தால்தான் கற்றல் குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்கிறது. 2025 பிப்ரவரியில் அரசு மருத்துவமனையில் பாப்பாவை உளவியலர் பார்த்தபோது அவளுக்கு உதவி தொடங்கி ஆறு மாதம் கடந்திருந்தது. தாள்கள் வாரம் தவறாமல் இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "சொல்லிக்கொடுக்காமல் விட்டதால் வந்ததா என்று நான் கேட்க வேண்டியதே இல்லை" என்றார். அறிவுத்திறன் சராசரி. வாசிப்பிலும் எழுத்திலும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு.

இந்தக் குறைபாட்டுக்குத் தரும் சான்றிதழைப் பற்றிய 2018 மத்திய அரசு வழிகாட்டுதல், அதை எட்டு வயது முடிந்தவர்களுக்குத்தான் வழங்கச் சொன்னது. பதினான்கிலும் பதினெட்டிலும் மறுபடி பார்க்கச் சொன்னது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் பின்னால் உதவும். அதெல்லாம் தூரத்தில் இருக்கிறது. இப்போதைக்கு, பாப்பாவுக்குத் தேர்வைப் பாதி வாய்மொழியாக நடத்துகிறோம். சமூக அறிவியலில் வகுப்பிலேயே முதல் ஐந்துக்குள் வந்துவிட்டாள். ஆட்டுக்குட்டிக் கதையை ஆசிரியை எழுதி, படம் போட்டு, வகுப்பு நூலக மூலையில் தொங்கவிட்டிருக்கிறார். அதன் அட்டையில் பாப்பா தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறாள். அதிலும் ஒரு கொம்பு வருகிறது. சரியான இடத்தில் இருக்கிறது.

தம்பியின் ஓராண்டு

அக்டோபர் நடுவில் பெய்த கனமழையில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அதைத் தொடர்ந்து சளி, மறுபடி இடது காது வடிந்தது. எண் 24லிருந்து 18க்கு இறங்கியது. இந்த முறை ஆயா எண்ணெய் காய்ச்சவில்லை. நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், சீட்டைக் கொண்டுவந்து ஆசிரியையிடம் காட்டினார். நவம்பர் கடைசியில் எண் மறுபடி ஏறியது. ஆண்டு முடிவில் அவன் மொட்டு நிலையைக் கடந்துவிட்டான், மலருக்கு இன்னும் கொஞ்சம் தூரம்.

2025 ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் இருந்தார். வலை பின்னும்போது தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்தித்தாளின் தலைப்புகளை வாசிக்கச் சொன்னாராம். தனக்கு வாசிக்க வராது என்பதை மகனிடம் அவர் அப்போதுதான் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 15 படகுகள் கிளம்பிவிட்டன. அம்மாவுக்கு மறுபடி இரண்டு மணி ஏலம். தங்கை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு எட்டேகாலுக்கே காலை உணவு வரிசையில் நிற்கிறாள். செவிப்பறை இன்னும் மூடவில்லை, அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் நாள் சொல்வதாக இருக்கிறார். அதுவரை பார்த்துக்கொள்ள வேண்டியதை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, நான்காம் வகுப்பு ஆசிரியர் கையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையே கொடுத்தார். அந்தப் பக்கத்தின் முதல் வரி அவர் கையெழுத்தில் இருக்கிறது: "வலப்பக்கம் நின்று பேசவும். முகம் தெரிய வேண்டும்."